வள்ளியின் வாயைக் கட்டாதீர்கள்: திருவிழாக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் வருசா வருசம் சாமி கும்பிட்டு நாடகம் வைக்கிற ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம் கட்டுகிறவள். இருபத்திரண்டு வருசமாக மேடையில் நிற்கிறேன். பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி என்று எல்லா வேடமும் கட்டியிருக்கிறேன் என்றாலும் உங்களில் பாதிப் பேருக்கு நான் 'வள்ளி வேசம் கட்டுற அம்மா'தான். உங்கள் ஊர் மந்தைகளில் பந்திச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். விடியக்காலம் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் வீட்டுப் பெண்கள் சொம்பில் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வரும் பங்குனி, சித்திரைக்கு என் கைக்கு வந்த ஒப்பந்தத் தாள்கள் ஏழு. அதில் நான்கில் ஒரு வரி புதிதாக ஏறியிருக்கிறது: 'நாடகத்தில் அரசியல் பேசக் கூடாது. மீறினால் பேசிய தொகையில் பிடித்தம் செய்யப்படும்.' ஒரு ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், என்ன வசனம் பேசப்போகிறோம் என்று பதினைந்து நாளைக்கு முன்னால் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். போன வைகாசியில் ஒரு ஊரில் நடந்தது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். எட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் மேல் எனக்குக் கோபமில்லை.

அன்று வள்ளி திருமணம் நாடகம். பபூன், டான்ஸ் முடிந்து, கதாநாயகன் வேடம் கட்டுகிற ராஜபார்ட் வந்துபோய், நான் தினைப்புனத்தில் நின்றபோது மணி ஒன்றரை. நாரதர் வந்தார். அவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். அன்று சாயங்காலம் வேடம் கட்டுகிற இடத்தில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். தர்க்கம் தொடங்கியது. புனத்தைப் பற்றி, குறவர் குலத்தைப் பற்றி, கன்னிப்பெண் தனியாகக் காவல் காப்பது சரியா என்பதைப் பற்றி வழக்கமான கேள்விகள். திடீரென்று அவர், "பெண்ணே, இவ்வளவு செழிப்பாக விளைந்திருக்கிறதே, இந்தப் புனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு கேள்வி போட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் முகம் கழுவப் போன வீட்டில் ஒரு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் தானாகச் சொல்லியது:

"சாமி, எங்களுக்கு மலையிலே சுனை இருக்கு, அதுபாட்டுக்கு வருது. அடிவாரத்துச் சனம்தான் பாவம். கண்மாய் இருக்கு, கரை இருக்கு, மடை இருக்கு. ஆனா மடைக்குக் கீழே பள்ளம் தோண்டி மண்ணை லாரியிலே ஏத்திட்டாங்க. மழை பெஞ்சா தண்ணி பள்ளத்துலயே கிடக்கு, மடை ஏறி வயலுக்கு வரமாட்டேங்குது."

அவ்வளவுதான். ஒரு பெயர் சொல்லவில்லை, ஒரு கட்சியைச் சொல்லவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் குலவை எழுந்தது. அதோடு என் மைக் நின்றது. யாரோ மைக்செட்டுத் தம்பிக்குக் கை காட்டியிருக்கிறார்கள். ஆர்மோனியக்காரர் அண்ணன் மட்டும் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். மேடையோரத்துக்கு வந்த கமிட்டிக்காரர் ஒருவர், "அம்மா, அரசியல் எல்லாம் வேண்டாம். நாடகத்தை மட்டும் நடத்துங்க" என்றார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். மைக் வந்தது. அதற்குப் பிறகு நாரதரும் நானும் பேசியது எல்லாம் மனப்பாடம். கேள்வியும் தெரிந்த கேள்வி, பதிலும் தெரிந்த பதில். நான்கு மணிக்கு முன்பாதியில் இருந்த பாய்களில் பாதிக்கு மேல் சுருண்டுவிட்டன. காலையில் பேசிய தொகையில் மூவாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள். பணத்தைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை.

அதே இரவு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு நாடகத்தை நிறுத்தி, முக்கால் மணி நேரம் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றியம், கிளை, வட்டம் என்று ஒவ்வொருவரின் கட்சிப் பொறுப்பையும் மைக்கில் முழுசாகச் சொல்லி, மேடைக்குக் கூப்பிட்டு, துண்டு போட்டு, படம் எடுத்தார்கள். முருகன் வேடம் கட்டியவர் வேலைக் கையில் பிடித்தபடி திரைக்குப் பின்னால் நின்றார். என் நெற்றிச்சுட்டியின் கயிறு இறுக்கித் தலை வலித்தது. அதற்கு முன்னால், பபூனும் டான்ஸும் நடந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்த டான்ஸ் வேடம் கட்டிய சின்னப் பெண்ணின் உடம்பை வைத்து எத்தனை இரட்டை அர்த்தம் வந்துபோனது என்று முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த உங்களுக்கே தெரியும். அப்போதெல்லாம் மைக் நிற்கவில்லை. கண்மாய் என்ற சொல்லுக்குத்தான் நின்றது.

அய்யாமாரே, உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அரசியல் வேண்டாம் என்று எழுதிவிட்டால் மேடை பொதுவாகிவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். ஆனால் நான் நின்று பார்த்தவரையில், அந்த வரி தடுப்பது கேள்வியைத்தான். புகழ்ச்சி அந்த வரிக்குள் அடங்குவதில்லை, அது பொன்னாடையாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேட்பது அரசியல், புகழ்வது மரியாதை என்று ஆகிவிட்டால், எங்கள் மேடை ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யும்.

வசனத்தை எழுதிக் கொடு என்று கேட்ட ஊருக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தெரியாமல் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் நாடகத்துக்கு ஸ்பெஷல் என்று பெயர் வந்ததே, இது ஒரு கம்பெனி நாடகம் இல்லை என்பதால்தான். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர். ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒப்பந்தம். ஒத்திகை என்பதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் விருத்தமும் எல்லோருக்கும் பொது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் முன்பின் தெரியாதவர்கள் விடிய விடிய ஒரு கதையை நடத்துகிறோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற பேச்சு அந்த ராத்திரியில் அந்த ஊரில் பிறப்பது. எதிராளி என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. என்ன பதில் வரும் என்று அவருக்கும் தெரியாது. நீங்கள் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது அதனால்தான். முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொள்வான் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். இந்த வள்ளி இந்த நாரதருக்கு என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான் தெரியாது. அதை முன்கூட்டி எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட்டால், ராத்திரி முழுவதும் நாங்கள் எதற்கு விழித்திருக்க வேண்டும்?

எழுத்துப் பிரதி கேட்கிற வழக்கம் யார் தொடங்கியது தெரியுமா? வெள்ளைக்காரன். வங்காளத்தில் அவுரித் தோட்டத் துரைமார்களின் கொடுமையைப் பற்றி 'நீல் தர்பண்' என்று ஒரு நாடகம் வந்து பெரிய கலக்கத்தை உண்டாக்கியது. பிறகு கல்கத்தா மேடைகளில் துரைமார்களையும் அவர்களுக்கு விருந்து வைத்தவர்களையும் கேலி செய்து நாடகங்கள் வந்தன. அதைப் பொறுக்காமல் 1876ல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தார்கள். நாடகத்தைத் தடை செய்யலாம், நடிகர்களைப் பிடித்து உள்ளே போடலாம் என்பதுதான் சட்டம். நாடு சுதந்திரம் அடைந்தபிறகாவது அது போயிருக்க வேண்டும். போகவில்லை. 1954ல் நம் மாநிலத்திலும் தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். எம்.ஆர். ராதா அண்ணனின் நாடகங்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் என்றுதான் எங்கள் வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நாடகம் போடப்போகிறவர்கள் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற நிலை அறுபது வருசத்துக்குப் பக்கம் இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி சார் வழக்குப் போட்டு, 2013 ஜனவரியில் நீதிபதி கே. சந்துரு அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சில வருசம் கழித்து 1876 சட்டத்தையும் மத்திய அரசே நீக்கிவிட்டது.

போலீஸ் கேட்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை, கோயில் கமிட்டி கேட்கிறது. எனக்கு இது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. போலீஸ்காரர் கேட்டால் அவர் சர்க்கார் ஆள், கேட்பார் என்று விட்டுவிடலாம். நீங்கள் எங்களுக்குச் சாப்பாடு போடுகிற ஊர்.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாடக நடிகர் விஸ்வநாததாஸ் அய்யா. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்துகிற குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். அப்படி மறுத்தவர்கள் என்னைப் போல ஸ்திரீபார்ட்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவர் வள்ளி திருமணத்தில் பாடியதுதான் 'கொக்கு பறக்குதடி பாப்பா'. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. அந்தப் பாட்டுக்காக வெள்ளைக்காரன் அவரை எத்தனையோ தடவை சிறையில் போட்டான். வெளியே வந்து மறுபடியும் அதையே பாடினார். 1940 டிசம்பர் 31ம் தேதி சென்னையில் வள்ளி திருமணம். முருகனாக மயில் வாகனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே உயிரை விட்டார். இன்றைக்குத் திருமங்கலத்தில் அரசாங்கமே அவருக்கு நினைவில்லம் கட்டி வைத்திருக்கிறது. உங்களில் பல ஊர்க்காரர்கள் நாடக நோட்டீஸில் அவர் படத்தையும் சுவாமிகள் படத்தையும் மேலே போட்டுத்தான் அச்சடிக்கிறீர்கள். அந்த நோட்டீஸும் இந்த ஒப்பந்தத் தாளும் ஒரே கவரில் என் வீட்டுக்கு வந்தன.

அந்தக் கொக்குப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் கேட்க வந்ததே அதற்குள்தான் இருக்கிறது.

எனக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆர்மோனிய வாத்தியார். வெத்திலை போட்ட வாயோடு, காலால் துருத்தியை மிதித்துக்கொண்டு சொல்லித்தருவார். நான் அப்போது பதினெட்டு வயசுப் பெண். பாட்டு வெள்ளைக்காரனைப் பற்றி என்று தெரிந்ததும் கையை ஓங்கி, கண்ணை உருட்டி, சண்டைக்குப் போவது போலப் பாடினேன். அவர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். "யாரைப் பாத்துப் பாடுறே?" என்றார். "வெள்ளைக்காரனை" என்றேன். "வள்ளிக்கு வெள்ளைக்காரனைத் தெரியுமா? அவளுக்குத் தெரிஞ்சது கொக்கு. கொக்கைப் பாரு. அது எங்க உக்காந்திருக்கு, எந்தக் கதிரைக் கொத்துது, எப்படிக் கழுத்தை நீட்டுதுன்னு பாரு. நீ கொக்கைச் சரியாப் பாத்தா, கீழ உக்காந்திருக்கிறவன் வெள்ளைக்காரனைப் பாப்பான். நீயே வெள்ளைக்காரனைப் பாத்துட்டா, அவனுக்குப் பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது."

இருபத்திரண்டு வருசத்தில் இதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினைப்புனத்தில் பறவை விரட்டுவது வள்ளியின் வேலை. ஆலோலம் பாடிக் கவண் வீசுவது கதையில் ஏற்கனவே இருப்பது. பாஸ்கரதாஸ் அய்யா கதைக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. வியாபாரம் செய்ய வந்த கொக்கு, அக்கரைச் சீமையிலிருந்து வந்த கொக்கு என்று பாட்டு போகும்போதும் அது கொக்காகவே இருக்கிறது. அதனால்தான் மேடையில் பாட முடிந்தது, அதனால்தான் சனங்கள் வீட்டுக்குப் போயும் முணுமுணுத்தார்கள். கைது செய்ய வந்த அதிகாரி தன் வாயால் அந்தக் கொக்கு நாங்கள்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கலையும் அரசியலும் சேரக் கூடாது என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு பாட்டைப் பிரித்துக் காட்டட்டும். கொக்கைத் தனியாக எடுத்துவைத்து, சுதந்திரத்தைத் தனியாக எடுத்துவைக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.

கே.பி. சுந்தராம்பாள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பாட்டுக்குப் பேர்போன நடிகர் கிட்டப்பாவுக்கு இணையாக வள்ளியாக நின்ற குரல் காங்கிரஸ் மேடையிலும் பாடியது. பிறகு சட்ட மேலவை உறுப்பினராகவும் உட்கார்ந்தது. அந்த அம்மாவின் பக்தியைக் குறைத்துச் சொல்ல யாருக்காவது மனசு வருமா? முருகனைப் பாடிய தொண்டை நாட்டைப் பாடினால் முருகனுக்குக் குறைவு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு அருகதை இல்லை.

சில வருசங்களுக்கு முன்னால், ஒரு சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வருவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு ஊரில் வள்ளி திருமணம். வேடம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒருவர் வந்து ஐந்தாயிரம் ரூபாயை என் கையில் வைத்தார். நடுவில் எங்கள் ஆளைப் பற்றி இரண்டு பாட்டு பாடிவிடுங்கள் என்றார். எழுதியும் கொண்டுவந்திருந்தார். என் மகள் அப்போது நர்சிங் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். பணத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன். தினைப்புனத்தில் நின்றுகொண்டு, வள்ளி வேடத்தோடு, சினிமா மெட்டில் அந்த ஆளைத் தங்கம் என்றும் சிங்கம் என்றும் பாடினேன். ஒரு பக்கம் கைத்தட்டல் பலமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி, எண்பது வயசுக்குக் குறையாது, சாயங்காலமே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். பாயைச் சுருட்டினார். கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். விடிந்ததும் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "வள்ளியப் பாக்கத்தான்டி ஆத்தா வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பாட்டியின் பாய் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மேடையில் அரசியல் இருந்தது அவருக்குக் கோபமில்லை. அந்தப் பாட்டி கொக்குப் பாட்டுக்குத் தலையாட்டியவர்தான். வள்ளி காணாமல் போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வேடத்துக்குள்ளிருந்து வருகிற சொல்லுக்கும், வேடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிற சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்பறிவில்லாத ஒரு பாட்டி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். கண்மாயைப் பற்றி வள்ளி பேசினால் அவள் வள்ளியாகத்தான் இருக்கிறாள், தண்ணீரும் கதிரும் அவள் பிழைப்பு. வேட்பாளரைச் சிங்கம் என்று பாடும்போது அங்கே வள்ளி இல்லை, காசு வாங்கிய நான் மட்டும்தான் நின்றேன்.

அரசியல் பேசக் கூடாது என்று நீங்கள் எழுதும்போது உங்கள் மனதில் இருப்பது, நான் அந்த ஐந்தாயிரத்துக்குப் பாடிய மாதிரியான பாட்டு என்றால், அந்த வரியை நானே முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன். ஆனால் உங்கள் வரி அதையும் கண்மாயையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. காவல் நிலையத்தில் மனுவில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் வழக்கு உங்கள் பேரில். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அனுமதி வாங்கப் போனால், கட்சியையோ சாதியையோ மதத்தையோ குறித்துப் பாட்டோ ஆட்டமோ இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நீங்களும் இந்த வரியை எழுதினீர்கள் என்று சிலர் சொன்னார்கள். சாதி விசயத்தில் உங்கள் பயம் நூற்றுக்கு நூறு நியாயம். ஒரு சாதிப் பாட்டுக்குக் கை கலப்பாகி, மண்டை உடைந்து, பத்து வருசம் திருவிழாவே நின்றுபோன ஊர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு சாதியை உயர்த்தியோ தாழ்த்தியோ எந்த மேடையிலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். விஸ்வநாததாஸ் அய்யாவோடு நடிக்க மறுத்த வரலாறு எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, அந்த நெருப்பு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் தண்ணீர், ரேசன், நூறு நாள் வேலைக் கூலி, பள்ளிக்கூடக் கூரை, டாஸ்மாக்கில் போகிற ஆம்பளைச் சம்பளம் இவையெல்லாம் எந்தச் சாதியின் சண்டை? இதையெல்லாம் பபூன் வழிவழியாகப் பேசி வந்திருக்கிறார். அரிச்சந்திரனில் சந்திரமதி மகனை இழந்து சுடுகாட்டில் வாய்க்கரிசிக்கும் முழத்துண்டுக்கும் வழியில்லாமல் நிற்கிறாள். அந்த இடத்தில் நான் அழும்போது கீழே உட்கார்ந்திருக்கிற பெண்கள் அழுவது சந்திரமதிக்கு மட்டுமா? ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையின் உடம்பை வாங்கக் காசில்லாமல் நின்ற ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் இருப்பாள். எனக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு என்னைத் தெரியும். அந்த அழுகைக்கும் தடை போட முடியுமா? அதுவும் அரசியல்தான் என்று நான் சொல்வேன். ஆனால் அதை எழுதித் தர எனக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒப்பந்தத் தாளிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, 'எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ காசு வாங்கிப் பாடக் கூடாது, எந்தச் சாதியையும் மதத்தையும் இழிவுபடுத்தக் கூடாது' என்று எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். பொன்னாடை போர்த்த வேண்டியவர்களுக்கு ஆர்மோனியம் தொடங்குவதற்கு முன்னால் போர்த்திவிடுங்கள், முருகனை வேலோடு காக்க வைக்காதீர்கள்.

மைக்கை நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் சொன்னது தப்பு என்றால் அதற்குப் பதில் சொல்ல மேடையிலேயே ஆள் இருக்கிறார். தர்க்கம் என்பதே அதற்குத்தானே. நாரதரிடம் ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள்: 'கண்மாய் மண்ணை எடுத்தது கோயில் திருப்பணிக்கு என்று சொல்' என்று எழுதிக் கொடுங்கள். அவர் சொல்லட்டும். நான் மடக்க முடிந்தால் மடக்குகிறேன், முடியாவிட்டால் தோற்கிறேன். வள்ளி நாரதரிடம் தோற்ற ராத்திரிகளும் உண்டு, சனங்கள் அதற்கும் கைதட்டுவார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்கிற இடம் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது? கிராம சபைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாடகத்துக்குக் கைப்பிள்ளைக்காரி முதல் கண் தெரியாத கிழவர் வரை வருகிறார்கள்.

என் பக்கத்திலிருந்து நான் கொடுக்கிற வாக்கு ஒன்று. மேடையில் நிற்கிற வரைக்கும் வள்ளி வள்ளியாகவே இருப்பாள். அவளுக்குத் தெரியாத எதையும் அவள் வாயால் நான் பேச மாட்டேன். கொக்கைப் பார்த்துத்தான் பாடுவேன்.

நான்கு தாள்களில் மூன்றை அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஏஜெண்ட் மூலமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வசனம் எழுதிக் கேட்ட ஊருக்கு மட்டும் இன்னும் அனுப்பவில்லை. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அவர்கள் ஊர் நாடகம். அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் இரண்டாயிரம் ரூபாய் சாமி படத்துக்குப் பின்னால் கவரோடு இருக்கிறது, ஒரு நோட்டையும் தொடவில்லை. மாசி முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். வரலாம் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் கவரை அப்படியே ஏஜெண்டிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் ஊர்களில் வள்ளி வேடம் கட்டுகிற ஒரு ஸ்திரீபார்ட்